கழிப்பறை வாசலும் வாட்ஸ்அப் குரூப்பும்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

ஒரு மாணவனை மற்ற மாணவர்கள் துன்புறுத்துவதாகப் புகார் வந்தால், பல பள்ளிகளில் அது இரண்டு வழியாகப் பிரிந்துவிடுகிறது. மைதானத்தில் நடந்திருந்தால் வகுப்பாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ விசாரிப்பார். செல்போனில் நடந்திருந்தால் "பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்தது, பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற பதில் வரும். முற்றிப்போனால் போலீஸ். இந்தப் பிரிவினையைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இங்கிலாந்தில் 15 வயதுப் பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2017இல் வெளியான ஆய்வில், அடிக்கடி துன்புறுத்தலுக்கு ஆளாவதாகச் சொன்னவர்கள் சுமார் 30 சதவீதம். நேரில் மட்டும் ஆளானவர்கள் 27 சதவீதம். நேரிலும் இணையத்திலும் ஆளானவர்கள் 3 சதவீதம். இணையத்தில் மட்டும் என்றவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. 80 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த அலசலிலும், நேரடித் துன்புறுத்தலில் செய்தவராகவோ ஆளானவராகவோ சம்பந்தப்பட்டவர்கள் சராசரியாக 35 சதவீதம், இணையத்தில் 15 சதவீதம். செல்போன் வந்துதான் பிள்ளைகள் கெட்டார்கள் என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பகலில் வகுப்பில் இருக்கும் பகைதான் பெரும்பாலும் மாலையில் திரைக்குப் போகிறது. மறுநாள் காலை வகுப்புக்கே திரும்பி வருகிறது.

அது எப்படித் திரும்பி வருகிறது என்பதைப் பாருங்கள். ஒரு மாணவி கொட்டாவி விடும்போது யாரோ படம் எடுக்கிறார்கள். இரவுக்குள் அது ஸ்டிக்கராகி குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. காலையில் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பின் பெஞ்சில் ஒருவன் மெதுவாகக் கொட்டாவி விடுகிறான், வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவது ஒரு கொட்டாவி. கண்டிக்க அதில் என்ன இருக்கிறது? மைதானத்து விதிகளை வைத்து இதைப் பிடிக்க முடியாது. சைபர் விதிகளை வைத்தும் முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு மட்டுமே பிடிபடும்.

1970களிலிருந்து சுவீடனிலும் நோர்வேயிலும் இதை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, வலுவில் ஏற்றத்தாழ்வு இருப்பது. இணையத்திலும் இந்த மூன்றும் உண்டு. தோற்றம்தான் மாறுகிறது. இதைக் கவனிக்காத விசாரணை "ஒரே ஒரு தடவைதானே செய்தான்" என்று முடிந்துவிடும். படத்தை ஏற்றியவன் ஒரு முறைதான் ஏற்றுகிறான். பார்த்தவர்களும் பகிர்ந்தவர்களும் அதைத் திரும்பத் திரும்ப நடக்கவைக்கிறார்கள். வலு என்பது இங்கே உடல்பலத்தில் இல்லை. குரூப் அட்மின் உரிமை, நட்பாக இருந்தபோது தெரிந்துகொண்ட பாஸ்வேர்டு, பழைய அந்தரங்கச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், முகம் காட்டாத ஃபேக் ஐடி என எதுவும் வலுவாகலாம். ஒல்லியான, அமைதியான பையன் இப்படிச் செய்திருக்க மாட்டான் என்ற ஊகம் அடிக்கடி பிசகுவது இதனால்தான். மைதானத்தில் அடிபடுபவனே இரவில் ஃபேக் ஐடியில் திருப்பி அடிப்பதும் உண்டு. அந்த நிலையில் இரண்டு புகாரையும் ஒன்றாக விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வேடிக்கை பார்ப்பவர்கள் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் குறுக்கிட்டது நூற்றில் நான்கு சம்பவங்களில்தான். கூட இருந்த பிள்ளை ஒருவர் குறுக்கிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவை 10 நொடிக்குள் சீண்டல் நின்றது. ஆகவே மைதானத்தில் "டேய், விடுடா" என்று சொல்லப் பழக்குவது பலன் தரும். அதே அறிவுரையை அப்படியே வாட்ஸ்அப் குரூப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். குரூப்பில் எதிர்த்து எழுதினால் பேச்சு வளரும், மெசேஜ் மேலே வரும், பார்க்காதவனும் பார்ப்பான். எழுதியவளே அடுத்த இலக்காவாள். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு: பகிராதே, சிரிப்பு எமோஜி போடாதே, பாதிக்கப்பட்டவளுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஆசிரியரிடம் காட்டு.

ஆதாரத்தில்தான் பள்ளிகள் அதிகமாகச் சொதப்புகின்றன. மைதானத்தில் ஆதாரம் காற்றோடு போகும். இணையத்தில் இருக்கிறது, ஆனால் பதற்றத்தில் நாமே அழித்துவிடுகிறோம். வரிசை முக்கியம்: முதலில் பதிவு, பிறகு ரிப்போர்ட், கடைசியில் பிளாக். வாட்ஸ்அப்பில் ஒரு எண்ணை ரிப்போர்ட் செய்தால் அவர் அனுப்பிய கடைசி 5 செய்திகள் வரைதான் நிறுவனத்துக்குப் போகும்; பழையவற்றை நாம்தான் காப்பாற்ற வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும், முன்னும் பின்னும் உள்ள செய்திகள் இருக்க வேண்டும். செல்போனில் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. யார் எண்ணையும் யார் பெயரிலும் சேமிக்கலாம். புரொஃபைல் பக்கத்தைத் திறந்து எண்ணோ யூசர்நேமோ தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்கு அறிவிப்பு போகும். இன்னொரு செல்போனால் திரையைப் படம்பிடிப்பது நல்லது.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அதில் தவறவே கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவரின் அந்தரங்கப் படம் என்றால் எந்த ஆசிரியரும் அதை நகலெடுக்கவோ, தன் செல்போனுக்கு அனுப்பச் சொல்லவோ, பிரின்ட் எடுக்கவோ கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் பல நாடுகளில் அது குற்றமாகிவிடும். யார், எப்போது, எந்தக் கணக்கிலிருந்து என்பதை எழுத்தில் மட்டும் குறித்துக்கொண்டு உடனே குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் அந்தப் பிள்ளையின் செல்போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாக்கிய எண்வடிவக் கைரேகை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டுமே, இத்திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகும்.

ஃபேக் ஐடி யாருடையது என்று கண்டுபிடிக்க வகுப்பில் எல்லோருடைய செல்போனையும் வாங்கிப் பார்க்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். பலன் குறைவு, பகை அதிகம். படத்தையே பாருங்கள்: எந்தப் பெஞ்சிலிருந்து எடுத்தது, அன்று அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள், அந்தப் பட்டப்பெயர் எத்தனை பேருக்குத் தெரியும். வட்டம் தானாகச் சுருங்கும்.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் செல்போனைப் பிடுங்குவதும், அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்வதும் நம் பள்ளிகளின் செல்லமான இரண்டு வைத்தியங்கள். முதலாவது, செல்போன் போய்விடும் என்று பயந்து அடுத்த பிள்ளை வாயே திறக்காமல் செய்கிறது. இரண்டாவது, சமபலம் உள்ளவர்கள் சண்டைக்குச் சரி. ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் பலவீனமானவரை இன்னொரு முறை நெருக்குவதாகவே முடியும். தனித்தனியாகப் பேசுங்கள், முதலில் பாதிக்கப்பட்டவரிடம். பிளாக் செய்தால் பகை முற்றும் என்று அந்தப் பிள்ளை அஞ்சினால் இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' வசதியைக் காட்டிக்கொடுங்கள். எதிராளியின் புதிய கமென்ட் எதிராளிக்கு மட்டுமே தெரியும், தடுத்திருப்பது அவருக்குத் தெரியாது.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. 44 தடுப்புத் திட்டங்களின் மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்ததில் துன்புறுத்தல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலன் கூடுதலாகத் தந்த அம்சங்களில் மைதானத்தில் ஆசிரியர் கண்காணிப்பும் ஒன்று. இடைவேளையில் கழிப்பறை வாசல், மாடிப்படித் திருப்பம், வாகனத்துக்குக் காத்திருக்கும் இடம் மூன்றிலும் ஒரு பெரியவர் நின்றால் இணையப் புகாரும் குறைய வாய்ப்புண்டு, ஏனென்றால் ஸ்டிக்கருக்கான படம் அங்கேயும் எடுக்கப்படலாம்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்துக்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். இரண்டு வகைப் புகாருக்கும் ஒரே பதிவேடு திறந்து, "நேரிலும் நடக்கிறதா? இணையத்திலும் நடக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு புகாரிலும் கேட்டு எழுதுங்கள். பிறகு, புகாரை முடித்துவைத்த ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மாணவர் நலப் பணியில் இருக்கும் ஆலோசகர்களும் ஆசிரியர்களும்