குரங்கின் தட்டில் என்ன இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்ற சென்ற இதழ்க் கட்டுரை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரீசஸ் குரங்குகளை மட்டுமே சாட்சிக்கு அழைக்கிறது. அதே இனக் குரங்குகளுக்கு அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனமும் அதே 30 விழுக்காடு உணவைக் குறைத்துப் பார்த்தது. 2009இல் விஸ்கான்சின் குழு பலன் உண்டு என்றது. 2012இல் தேசிய நிறுவனம் ஆயுள் கூடவில்லை என்றது. இரண்டாவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

முரண்பாட்டுக்கு முக்கியக் காரணம் தட்டில் இருந்தது. விஸ்கான்சினில் பால் புரதம், சோள எண்ணெய், மாவுச்சத்து என்று பிரித்தெடுத்த பொருள்களைக் கலந்த உணவு. அதில் சர்க்கரை மட்டும் 28.5 விழுக்காடு. மற்ற இடத்தில் தானியம், சோயா, மீன்தூள் கலந்த உணவு, சர்க்கரை 3.9 விழுக்காடு. அதோடு விஸ்கான்சினின் ஒப்பீட்டுக் குரங்குகள் (உணவு குறைக்கப்படாதவை) வேண்டிய மட்டும் தின்றன. மற்ற இடத்தில் ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளந்துதான் போட்டார்கள். இனிப்பை வயிறு முட்டத் தின்ற கூட்டத்தோடு ஒப்பிட்டால் குறைத்துத் தின்றது ஜெயிக்கத்தானே செய்யும்? ஆயுள் ஆய்வு எதைப் படித்தாலும் மருந்தோ பட்டினியோ பெறாத குழு எப்படி வாழ்ந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாவைக் கணக்கிட்டதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2009 அறிக்கையில் மயக்கமருந்து, காயம் போன்றவற்றால் இறந்த குரங்குகளை ‘முதுமைச் சாவு’ பட்டியலில் சேர்க்கவில்லை. எல்லாச் சாவுகளையும் சேர்த்தால் அப்போது வித்தியாசம் உறுதிப்படவில்லை, 2014இல்தான் உறுதிப்பட்டது. 2017இல் இரு குழுவும் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, வளர்ந்த குரங்குகளுக்குப் பலன் உண்டு, இளங்குட்டிகளுக்கு இல்லை என்றன. ஆக, கட்டுரை சொன்னது முழுப் பொய்யல்ல, பாதிக் கதை.

மனிதர்களிடம் நடந்த ‘கேலரி’ (CALERIE) என்ற உணவுக் குறைப்பு ஆய்வையும் சொல்லியிருக்கலாம். இரண்டு ஆண்டுகள், இருநூறுக்குச் சற்று அதிகமானவர்கள், எவரும் உடல்பருமன் உள்ளவர் அல்லர். 25 விழுக்காடு குறைப்பது இலக்கு. முடிந்தது சுமார் 12. ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன. கூடவே இடுப்பு, முதுகெலும்புகளின் அடர்த்தியும் குறைந்தது. சேர்க்கப்பட்டவர்களில் 50 வயதைத் தாண்டியவர் இல்லை.

இதனால்தான் “60 கடந்தவர்கள் இரவு உணவை நிறுத்துங்கள்” என்ற உங்கள் பெட்டிச் செய்தி கவலை தருகிறது. அந்த வயதில் தசை தானாகவே கரைகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது தேவை (சிறுநீரக நோயாளிகளுக்குக் கணக்கு வேறு). 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஏறத்தாழ அவ்வளவே, 30 கிராம் துவரம்பருப்பில் ஆறேழு கிராம். மூன்று வேளை சாப்பிட்டே எட்டாத அளவை, சாதமும் ரசமுமாக இரண்டு வேளையில் எப்படி எட்டுவது?

அதைவிட அவசரமானது சர்க்கரை நோயாளிகள் விஷயம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் மருந்தை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு இரவு உணவை விட்டால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று அது காட்டும் அறிகுறிகளைத் தூங்குகிறவர் கவனிக்க முடியாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மாத்திரையின் பெயர் தெரியாமலே விழுங்குபவர்கள் நம்மிடையே ஏராளம் என்பதால், “மருந்து அளவை மாற்றாமல் வேளை உணவை விடக் கூடாது, முதலில் மருத்துவரைக் கேளுங்கள்” என்ற திருத்தத்தை அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி