தம்பிக்கு அப்பா எழுதுவது

கிளிநொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காலபோக வெட்டு முடிந்தது, நெல்விலை வழமைபோலத்தான். நீ அனுப்பிய காசில் பின்பக்கக் கூரைக்கு ஓடு போட்டாயிற்று. கேட்கிறவர்களுக்கெல்லாம் மகன் கட்டாரிலிருந்து அனுப்பினது என்று சொல்லித்தான் திரிகிறேன். ஆனால் கலியாணப் பேச்சை எடுத்தால் மட்டும் போனை வைத்துவிடுகிறாய். அங்கே யாரையோ பிடித்துவிட்டாய் என்பது அம்மாவின் எண்ணம். அப்படியென்றால் நல்லது. எனக்கு வேறு யோசனை.

சின்னக்காவின் மூத்தவனைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தது நான்தான். வயிற்றில் கட்டி என்றுதான் ஊருக்குச் சொன்னோம். வயிற்றில் இல்லை, விதையில். பந்து பட்டதாக்கும் என்று மாதக்கணக்காக மறைத்துவிட்டான். நோவே இல்லையாம், இருந்திருந்தால் சொல்லியிருப்பானாம். இந்தப் புற்றுநோய் என்னைப்போலக் கிழடுகளைத் தேடுவது குறைவு, 15க்கும் 40க்கும் இடைப்பட்ட பெடியளைத்தான் கூடப் பிடிக்கும் என்றார் டொக்டர்.

சின்னதில் விதை பைக்குள் இறங்காமல் இருந்ததா என்றும் கேட்டார். அவனுக்கு இல்லை. கேள்வி என்மேல்தான் வந்து விழுந்தது. உனக்கு வலது பக்கம் இறங்காமல் இருந்ததும், 2002இல் ஏ9 பாதை திறந்தபிறகு யாழ்ப்பாணம் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்ததும் நினைவிருக்குமோ தெரியாது. அப்போது உனக்கு ஐந்து வயது. ஒரு வயதளவில் செய்ய வேண்டியதாம். பாதை பூட்டிக்கிடந்த காலத்தில் எங்கே போவது? அப்படி இருந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. குரல் உடையமுதல் ஒப்பரேஷன் செய்தால் அது குறையும், அடியோடு இல்லாமல் போகாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை, பயப்படாதே. ஆனால் பார்.

மாதம் ஒருமுறை போதும். சுடுதண்ணீரில் குளித்து, தோல் தளர்ந்திருக்கும்போது, பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் வைத்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார். நெல் பால்பிடித்ததா என்று விரலால் நசுக்கிப் பார்ப்போமே, அதைவிடவும் மெதுவாக. ஒன்று சற்றுப் பெரிதாகவோ கீழே தொங்கியோ இருப்பது வழமை. பின்பக்கம் மெத்தென்று ஒரு குழாய் தட்டுப்படும், அதுவும் இருக்க வேண்டியதுதான். விதையில் கடலை அளவில் கெட்டியாக ஏதும் இருந்தால், பருமன் மாறியிருந்தால், பாரமாக இருந்தால், உடனே டொக்டரிடம் காட்டு. திடீரென்று தாங்கமுடியாத நோ வந்தால் அது வேறு, விதை முறுகுவது. விடியட்டும் என்று படுக்காதே, ஆறு மணித்தியாலத்துக்குள் வைத்தியம் நடக்க வேண்டும்.

மாதாமாதம் பார்க்கத்தான் வேண்டுமா என்பதில் டொக்டர்மாருக்குள்ளும் ஒரே கருத்து இல்லையாம். இருக்கட்டும். உன் உடம்பு உனக்குத் தெரிய வேண்டும். நீ பார்.

கட்டியென்று காட்டினால் ஒரு ஸ்கான், இரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் முதலில். புற்றென்றால் கவட்டுப் பக்கத்தால் வெட்டி அந்த ஒன்றை எடுப்பார்கள். நேரத்தோடு பிடித்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் சுகமாகிறார்கள். சின்னக்காவின் மகனுக்கு மருந்து ஏற்றமுதல் விந்தைச் சேமித்து வைப்பதுபற்றி யோசிக்கச் சொன்னார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கம் ஒப்பரேஷன் செய்தவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று யாராவது சொல்லி, அதனால்தான் கலியாணப் பேச்சுக்குப் போனை வைக்கிறாய் என்றால், நம்பாதே. நான் டொக்டரிடம் கேட்டுவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் தகப்பனாகித்தான் இருக்கிறார்கள். உன் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே. அம்மா கோயிலுக்குப் போகிற நேரம் எடு. வழக்கமான "நல்லாயிருக்கிறன்" எனக்கு வேண்டாம். பார்த்தேன் என்று சொல், போதும். பார்க்காமல் சொல்லாதே.

இதை அம்மா கட்டிய மிளகாய்த்தூள் பொதிக்குள்தான் வைக்கிறேன். தூள் கிடைத்தது என்று அவவிடம் சொல்லு, கடிதத்தைப்பற்றி மூச்சு விடாதே.

அன்புடன்
அப்பா