ஐந்து ரோட்டுக் கூழ்க்கார அக்காவுக்கும் மற்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

புதன்கிழமை என் நாக்குப் புற்றுநோய்க்குப் பதினேழாவது முறையாக, கடைசி முறையாக, மருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். இன்று ஸ்கேன் முடிவு கைக்கு வந்தது. நாக்கிலும் கழுத்திலும் நுரையீரலிலும் ஒன்றும் இல்லை. தாளை வாங்கியவன் எழுந்திருக்க முடியாமல் அந்த நாற்காலியிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. நிற்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. ஏற்காட்டில் ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் ஒண்டிக்கடையைத் தாண்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர்கள், இரவில் தொண்டைக் குழாயை உறிஞ்சிச் சுத்தம் செய்த சகோதரிகள், கதிர்வீச்சு அறையில் முகமூடியை மாட்டும்போதெல்லாம் என் தோளில் ஒரு முறை தட்டிய அந்தப் பையன், தன் பங்கு மிளகுத் தோட்டத்தை அடகு வைத்த அண்ணன், சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றியவர்கள், சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டவர்கள், முதல் பஸ்ஸில் முன்சீட்டை எனக்காக வைத்திருந்த கண்டக்டர், எஸ்டேட்டில் என் பேரேட்டையும் சேர்த்து எழுதிய நண்பர்கள் எல்லோருக்கும் கைகூப்பி வணங்குகிறேன். என் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மருந்தைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். பெயர் பெம்ப்ரோலிசுமாப். வெட்டி எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்த பிறகும் இந்தப் புற்று திரும்பி வருவது உண்டு. வராமல் தடுக்கத்தான் இது. அறுவைச் சிகிச்சைக்கு முன் இரண்டு முறை, பின்பு பதினைந்து முறை, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஏற்றினார்கள். உடம்பின் காவல் அணுக்களுக்கு இயற்கையிலேயே ஒரு பிரேக் உண்டாம். புற்றணு அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுகிறது. மருந்து அதை விடுவிக்கிறது என்றார் டாக்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை நம்பியே இறங்கி ஏறுகிறவர்கள் நாம். அதை விடுவிப்பது என்றதும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், எண்ணைப் பார்த்தால்தான் மனம் அடங்கும். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். இந்த மருந்தைச் சோதித்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 714 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் நோய் முற்றாமல், திரும்பாமல், உயிரோடு இருந்த காலம் 30.4 மாதம்; இந்த மருந்தும் சேர்ந்தபோது 51.8 மாதம். அமெரிக்காவிலேயே 2025 ஜூனில்தான் இதற்கு அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். அந்தச் சீட்டு இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

இனி அக்காவைப் பற்றி. பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் தள்ளுவண்டியில் கூழ் விற்கிறார். மூக்குக் குழாயை எடுத்த பிறகு முதன்முதலாக வெளியில் எதையாவது குடித்துப் பார்க்கலாம் என்று அங்கே நின்றேன். கூழ் என்று கேட்க வேண்டும். கையிலிருந்து சதை எடுத்து ஒட்டிய நாக்குக்கு ழகரம் எங்கே வரும்? ‘கூய்’ என்று ஏதோ வந்தது. இப்படி நேரும்போதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்து, “அவருக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பார்கள். அக்கா என்னைத்தான் பார்த்தார். “கம்பா, கேழ்வரகா கண்ணு?” என்றார். நான் விரலால் காட்டவில்லை. வாயாலேயே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அகப்பையைப் பிடித்தபடி நின்றார். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள்.

அன்று பாதிச் சொம்புக்கு மேல் இறங்கவில்லை. எச்சில் ஊறாத வாயில் நொய் ஒவ்வொன்றும் கல்லாக உறுத்தியது. மூன்று வாரம் கழித்துப் போனபோது, வண்டிக்கு அடியிலிருந்து மூடி போட்ட சின்னச் சொம்பு ஒன்றை எடுத்தார். வீட்டிலேயே துவைத்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, மோரை அதிகமாக விட்டு, உப்பைக் குறைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் வரும் நாள் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வண்டிக் கம்பியில் தொங்கிய மாதக் காலண்டரைக் காட்டினார். மூன்று வாரத்துக்கு ஒரு புதனில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. காசு வேண்டாம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இருபது ரூபாயை எண்ணி வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்வார். அந்த ஒரு வருடத்தில் என்னை நோயாளியாகப் பார்க்காமல் வாடிக்கையாளராகப் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

சித்திரை மாதம். சேலத்து வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு நின்றேன். மேலே ஏற்காட்டில் சால்வை போர்த்தியவனை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் வீட்டிலும் எஸ்டேட்டிலும் எவர் கண்ணிலும் படவில்லை. எந்நேரமும் தூக்கம், குளிர், முகத்தில் லேசான வீக்கம். எல்லாம் கதிர்வீச்சின் களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் பயம்தான். வெளியே சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்ற பயம்.

அக்கா சொம்பை நீட்டவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு புறங்கையால் என் கன்னத்தைத் தொட்டார். “என் மகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு இப்படித்தான் முகம் ஊதியது கண்ணு. தைராய்டு என்றார்கள். நீ டாக்டரிடம் சொன்னாயா?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அடுத்த நிமிடம் பக்கத்துப் பூக்காரம்மாவிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னோடும் என் மனைவியோடும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். காலை எட்டரை மணி, அவருக்கு வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம். உள்ளே வந்து, எனக்கு மருந்து ஏற்றும் சகோதரியிடம், “இந்தத் தம்பி வெயிலில் குளிரில் நடுங்குகிறது, இரத்தத்தைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

பார்த்தார்கள். தைராய்டு குறைந்தால் இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். என்ற அளவு நாலரைக்குள் இருக்க வேண்டும்; எனக்கு 68. பிரேக் விடுபட்ட காவல் அணுக்கள் தைராய்டு சுரப்பியையும் தாக்கிவிடுவது உண்டாம். கழுத்துக் கதிர்வீச்சும் சேர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். மருந்தை நிறுத்தத் தேவையில்லை, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போதும் என்றார். நான் இரண்டு மாதமாக மூடி மறைத்ததற்கு விடை அந்தச் சிறு மாத்திரைதான். ஒரு மாதத்தில் சால்வை கழன்றது.

இந்தச் சிகிச்சையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூச்சு வாங்கினாலும், விடாத வயிற்றுப்போக்கு வந்தாலும், தோலில் தடிப்பு கண்டாலும், காரணமில்லாமல் களைத்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். மருந்து முடிந்து மாதங்கள் ஆன பிறகும் இவை வரலாம் என்கிறார்கள்.

முப்பது வருடம் வெற்றிலையோடு புகையிலையை அடக்கியவன் நான். எஸ்டேட்டில் இன்னும் எத்தனையோ பேர் கன்னத்தில் அது இருக்கிறது. இனி சம்பள நாளில் கையெழுத்து வாங்கும் மேசையில் ஒரு டார்ச் விளக்கும் இருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ வாயில் தெரிந்தால், அவர்களை முதல் பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு இறங்குவேன். சேர்வராயன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

அக்கா, உங்கள் காலண்டரில் இனி வட்டங்கள் இல்லை. டாக்டர் மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்கிறார். ஆனாலும் வருகிற புதன்கிழமை நான் வருகிறேன். துணியில் வடிகட்ட வேண்டாம். நொய்யோடு கொடுங்கள், குடித்துப் பார்க்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து,
உங்கள் தம்பி