மழைக்கு முன்னால் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகள் பற்றி உங்கள் வேலூர் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். மணல் மூட்டை, ஜெனரேட்டர், மோட்டார் பம்ப் இவற்றோடு மரம் அறுக்கும் பெட்ரோல் மெஷின்களையும் (செயின் சா) வரிசையாக வைத்துப் படம் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த மெஷின்களில் எத்தனை, கயிற்றை இழுத்தால் கிளம்பும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. காட்பாடியில் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், செயின் சா மாதிரி சிறு இன்ஜின்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காற்றடித்து மரம் சாய்ந்த மறுநாள் காலையில் நான் கடை திறப்பதற்குள் வாசலில் ஆள் நிற்பார்கள். “போன வருஷம் நல்லா ஓடுச்சுங்க, உள்ளேயே வெச்சிருந்தோம், யாரும் தொடலை” என்பார்கள். யாரும் தொடாததுதான் கோளாறே.

இது அரசு அலுவலகங்களுக்கு மட்டும் சொல்வதல்ல. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள், ஒடுகத்தூர், அணைக்கட்டு விவசாயிகள் என்று பலரிடமும் இப்போது இந்த மெஷின் இருக்கிறது. வருஷத்தில் நாலு நாள் ஓட்டுவார்கள், மீதி நாள் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடக்கும். டேங்கில் பாதி பெட்ரோல் அப்படியே இருக்கும்.

அந்தப் பெட்ரோல்தான் முதல் எதிரி. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும்; இன்ஜின் வழுக்கலுக்காக நாம் பெட்ரோலில் கலந்த ஆயில் மேலே நிற்கிற பெட்ரோலோடு போய்விடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாய் டேங்கின் அடியில்தானே கிடக்கிறது? ஆயில் இல்லாத தண்ணிச் சரக்கு நேராக இன்ஜினுக்குப் போகும். பல கம்பெனிகளின் கையேட்டில் 10 சதவீத எத்தனால் வரைதான் சரி என்று போட்டிருக்கும். அதற்காக அந்தப் பெட்ரோலைத் தேடி எங்கே போவது? பங்கில் கிடைப்பதைத்தான் போட வேண்டும், ஆனால் டேங்கில் தேக்கி வைக்காமல் இருக்கலாம். வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கேனில் ஊற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை மெஷினை ஓட விட்டால் கார்புரேட்டரும் காலியாகிவிடும். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கேன் மேல் மார்க்கரில் தேதி எழுதுங்கள்.

பழைய பெட்ரோலோடு வரும் மெஷினின் டேங்க் மூடியைத் திறந்தாலே வார்னிஷ் வாடை அடிக்கும். கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ரப்பர் டயாபிரம் ஒன்று இருக்கும். விரலால் தொட்டால் துணி மாதிரி மடங்க வேண்டிய அது காய்ந்த அப்பளமாக விறைத்துக் கிடக்கும். அது அசைந்தால்தான் பெட்ரோல் ஏறும். டயாபிரமும் கேஸ்கெட்டும் ஒரு சின்ன கிட்டாகவே கிடைக்கிறது, பெரிய செலவில்லை. ஆனால் மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து, ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது அதை மாற்ற முடியுமா?

அடுத்தது ஆயில். பழைய பஜாஜ் ஸ்கூட்டரும் ஆர்எக்ஸ் 100ம் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பங்கில் ஆயில் சேர்த்துப் போடச் சொல்லி நின்று பார்த்தவர்கள். இன்றைய பிள்ளைகள் டூ ஸ்ட்ரோக் வண்டியைப் பார்த்ததே இல்லை. அவர்களிடம் மெஷினைக் கொடுத்து “பெட்ரோல் போட்டுட்டு வா” என்றால் வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு வருவார்கள். செயின் சாவில் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு வழுக்கல். அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சிராய்த்துப் பிடித்துவிடும். ஒரு பேரூராட்சியிலிருந்து வந்த மெஷின் இப்படித்தான். சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால், பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக அலுமினியம் உரிந்திருந்தது. சிலிண்டரும் போய்விட்டது. புது மெஷின் வாங்குவதே மேல் என்று சொல்லி அனுப்பினேன்.

அளவு என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் போட்டால் பெரும்பாலான பெரிய கம்பெனி மெஷின்களுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ஆன்லைனில் மலிவாக வாங்கும் மெஷின்களில் 25க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. உங்கள் மெஷினோடு வந்த புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. கண்ணளவு கூடாது, மருந்து பாட்டில் மூடியிலேயே மில்லி கோடு இருக்கிறது. டேங்கில் தனித்தனியாக ஊற்றாமல் கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கி, பிறகு ஊற்றுங்கள்.

மெஷின் கிளம்பாவிட்டால் கை வலிக்க இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக ஏறிவிட்டது என்று அர்த்தம். சோக்கை விட்டுவிட்டு, பிளக் இல்லாமலே சில தடவை கயிற்றை இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்குக்குள் குழாய் நுனியில் சின்ன ஃபில்டர் தொங்கும், கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி வெளியே எடுத்துப் பாருங்கள், அழுக்கு அடைத்திருக்கும். அதுவும் சரி என்றால் நான் மேலே சொன்ன டயாபிரம்.

கிளம்பி ஐந்து பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, கொஞ்சம் ஆற விட்டால் மறுபடி ஓடுகிறது என்று ஒரு ரகம் வரும். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இதற்குப் போய் கார்புரேட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அப்புறம் சைலன்சர் வாயில் இருக்கும் வலையைப் பாருங்கள். ஆயிலை அள்ளி ஊற்றுகிறவர்களின் மெஷினில் அந்த வலை கரியால் மூடியிருக்கும்.

ஒன்று மட்டும் ஆபத்தானது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இரைச்சல் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிடுங்கள். எங்கோ சீலிலோ ரப்பரிலோ காற்று கசிகிறது. பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்துதான் இன்ஜின் அப்படிக் கத்துகிறது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி அதைச் சரிக்கட்டப் பார்த்தால் இன்ஜின் பிடித்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும், கடைக்கு வரும் மெஷின்களில் நிறையவற்றில் இன்ஜினுக்கு ஒன்றுமே இருக்காது. செயின் மொட்டை. அறுக்கும்போது விழுவது என்ன என்று பாருங்கள்: சீவல் சீவலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது, மாவாகப் பறந்தால் மொட்டை. மொட்டைச் செயினை வைத்துக்கொண்டு ஆள் மெஷினை அழுத்துவார், செயின் சுற்றி ஓடும் ‘பார்’ என்ற நீளத் தகடு சூடாகும், கிளட்ச் புகையும், கடைசியில் “இன்ஜின்ல பவர் இல்லை” என்று என்னிடம் வருவார்.

நம் பக்கத்தில் செயின் மொட்டையாவதற்குத் தனிக் காரணங்களே உண்டு. ரோட்டோரப் புளியமரங்களில் டியூஷன் போர்டு, மனை விற்பனை போர்டு, கட்சி போர்டு என்று அடித்த ஆணிகள் பட்டைக்குள் மூடிக் கிடக்கின்றன. அதன் மேல் செயின் ஏறினால் ஒரே நொடியில் ஒரு பக்கத்துப் பல் முழுக்கப் போய்விடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது அடித்து வந்த மரங்களில் பட்டைக்குள் மணல் ஏறியிருந்தது. அவற்றை அறுத்தவர்கள் செயினை மாற்றி மாற்றிப் போட்டார்கள். வேலிக்காத்தானை அடியோடு அறுக்கிறேன் என்று பாரை மண்ணில் தேய்ப்பது இன்னொரு வழக்கம். தரையில் ஒரு முறை உரசினாலே கூர் போய்விடும்.

கூர் தீட்ட உருண்டை அரம் போதும், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். பிட்ச் என்பது செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலக் கணக்கு. 0.325 பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம்; 3/8 பிட்ச்சில் சின்ன ரகத்துக்கு 4, பெரிய ரகத்துக்கு 5.2 அல்லது 5.5. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 30 டிகிரி சாய்த்து, முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள்; திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். வலக்கைப் பழக்கத்தில் ஒரு பக்கத்துப் பல்லை அதிகமாகத் தேய்த்துவிட்டால் அறுப்பு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும், பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும், பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் குறைத்தால் மெஷின் குதிக்கும், கையை உதறும். வெல்டிங் பட்டறையில் கிரைண்டரில் பிடித்துக் கொடுக்கிறார்களே, அந்தச் செயினின் பல் நுனியைப் பாருங்கள், நீலம் பூத்திருக்கும். சூட்டில் இரும்பின் உறுதி போய்விட்டது, இனி அது கூர் தாங்காது.

செயினுக்கு ஊற்றும் ஆயில் வேறு டேங்க். அதில் வண்டியிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலை ஊற்றுவது இங்கே சர்வ சாதாரணம். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, செயினில் ஒட்டி நிற்கவும் நிற்காது, தோலுக்கும் கெடுதல். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை ஒரு பழைய அட்டைப் பெட்டிக்கு மேலே பிடித்து முடுக்குங்கள், அட்டையில் கோடாக ஆயில் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் பாரைக் கழற்றி, அதன் காடியிலும் ஆயில் துளையிலும் அடைத்த தூளைச் சுரண்டி எடுங்கள். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் அந்த டேங்கையும் நிரப்புங்கள். வேலை முடிந்தால் செயினைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்டது ஆறும்போது சுருங்கும்.

லுங்கியும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு அறுப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். இப்போதைக்கு இது மட்டும்: செயின் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அந்த மெஷினை எடுக்காதீர்கள், பாரின் நுனி மேல்பாகத்தை மரத்தில் பட விடாதீர்கள். மெஷின் முகத்துக்கு எகிறுவது அங்கிருந்துதான்.

அலுவலகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மெஷின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒருவர் பெயரில் இருக்கிறது, அறைச் சாவி இன்னொருவரிடம், ஓட்டத் தெரிந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார். இப்படி இருந்தால் எந்த மெஷினும் உதவாது. ஐப்பசி பிறக்கும் முன் ஒரு நாள் எல்லா மெஷினையும் வெளியே எடுத்து, புதுப் பெட்ரோல் கலந்து, நிஜமாகவே ஒரு கட்டையை அறுத்துப் பார்க்கட்டும். மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு முறை கொஞ்ச நேரம் ஓட்டட்டும். மெஷினுக்குக் கூர் தீட்டிய செயின் இரண்டு, பிளக் ஒன்று, அரம் ஒன்று, கிளப்பத் தெரிந்த இரண்டு பேரின் பெயர், போன் நம்பர், இவ்வளவும் மெஷின் பெட்டியிலேயே இருக்க வேண்டும். கோடைக்கு முன் மாசியிலும் இதையே செய்யலாம். சித்திரை, வைகாசிச் சூறைக்காற்றிலும் இங்கே மரங்கள் விழுகின்றன.

நம் மாவட்டத்து ஐடிஐ ஒன்றில் இதற்கு ஒரு நாள் வகுப்பு வைத்தால் நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன், பணம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை என் கடைக்கு விடுமுறை. வருகிறவர்கள் தங்கள் அலுவலக மெஷினையே கொண்டுவரட்டும், டேங்கில் இருப்பதைக் கொட்டாமல் அப்படியே.

இப்படிக்கு,
சிறு இன்ஜின் மெக்கானிக்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்