விரல்களையும் சேர்த்துக் கட்டிப்போடும் மணிக்கட்டு ஸ்பிளிண்ட்: தயாரிப்பாளருக்குப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மணிக்கட்டு ஸ்பிளிண்டின் அளவுக் குறைபாடு, தவறான பயன்பாட்டுக் குறிப்பு – பணத்தைத் திருப்பித் தரவும் குறிப்பைத் திருத்தவும் கோருதல் தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

என் அம்மா கை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக இருக்கும் ஆரை எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து புறங்கைப் பக்கம் சாய்ந்திருந்தது. காலிஸ் முறிவு என்றார் டாக்டர். இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. கட்டைப் பிரித்த பிறகு மணிக்கட்டுக்குக் கொஞ்ச காலம் பிடிமானம் வேண்டும் என்பதால் உங்கள் ஸ்பிளிண்டை (உள்ளே தகடு வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டும் தாங்கி) வாங்கினோம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

உங்கள் அளவு அட்டவணை மணிக்கட்டின் சுற்றளவை மட்டும் கேட்கிறது. உள்ளங்கையின் நீளத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அம்மாவின் சுற்றளவுக்கு மீடியம் என்று அட்டவணை சொல்கிறது, அதையே வாங்கினோம். ஆனால் அவர் உள்ளங்கை சிறியது. உள்ளே இருக்கும் அலுமினியத் தகடு உள்ளங்கையின் மேல் ரேகையைத் தாண்டி, விரல்களின் அடிமூட்டு வரை நீண்டு நிற்கிறது. கையை மூடப் பார்த்தால் விரல்கள் தகட்டில் முட்டிப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. அதன் விளிம்பு அழுத்தி, சுண்டுவிரலுக்குக் கீழே தோல் கன்றிப்போயிருக்கிறது. படங்களை இணைத்துள்ளேன்.

இதைப் பார்த்ததும் பிசியோதெரபிஸ்ட் முதலில் செய்தது ஸ்பிளிண்டைக் கழற்றியதுதான். மணிக்கட்டுக்கான ஸ்பிளிண்ட் அந்த ரேகைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், கட்டைவிரலின் மேடும் தடையில்லாமல் அசைய வேண்டும் என்றார். காரணத்தையும் விளக்கினார். விரல் நீட்டியிருக்கும்போது அடிமூட்டின் இருபுறமும் உள்ள நார்கள் தளர்ந்திருக்கும், மடக்கும்போதுதான் இழுபடும். நீட்டிய நிலையிலேயே பல நாள் வைத்தால் அந்த நார்கள் சுருங்கிப்போய், பிறகு விரலை மடக்கவே விடாது. விரல்களை அசைக்காவிட்டால் கை வீக்கமும் வடியாது. அம்மாவுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. முறிந்த எலும்பு கூடிவிட்டது. முறியாத விரல்களுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. ஒரு டம்ளரைக்கூட அவரால் இறுகப் பிடிக்க முடியவில்லை.

அளவைவிட என்னைக் கோபப்படுத்துவது உங்கள் குறிப்புத் தாள். "கையை அசைக்காமல் முழு ஓய்வில் வைக்கவும், நாள் முழுவதும் அணியவும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அம்மா அதை வரி பிசகாமல் கடைப்பிடித்தார். மணிக்கட்டை அசைக்காமல் வைப்பது வேறு, கை முழுவதையும் அசைக்காமல் வைப்பது வேறு. மணிக்கட்டு முறிவில் விரல், முழங்கை, தோள் மூன்றையும் தொடக்கத்திலிருந்தே அசைத்து வரச் சொல்வதுதான் வழக்கமான சிகிச்சை. ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை விவரித்தது 1814-இல். இத்தனை காலமாக மருத்துவம் அறிந்த ஒரு முறிவுக்குக் கருவி செய்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

அந்தத் தாளில் எச்சரிக்கை என்று ஒன்றுமே இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டு வழியாகச் செல்லும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ சில்லிட்டாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே பட்டையைத் தளர்த்தி மருத்துவரிடம் போக வேண்டும். துவைக்கும் முறைக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய தாளில் இதற்கு இடமில்லையா?

உங்கள் சேவை எண்ணை அழைத்தபோது, "போடப் போட லூஸ் ஆகிடும், மேடம்" என்றார்கள். உலோகத் தகடு எப்படி லூஸாகும்? மாற்றித் தரக் கேட்டதற்கு, பெட்டியைப் பிரித்துவிட்டதால் முடியாது என்று பதில் வந்தது. பிரித்துப் போட்டுப் பார்க்காமல் இது பொருந்துகிறதா என்று யாருக்குத் தெரியும்?

எனவே, ஸ்பிளிண்டின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். அட்டவணையில் உள்ளங்கை நீளத்தையும் சேருங்கள். தகடு எந்த ரேகைக்கு முன் நிற்க வேண்டும் என்பதைப் படம் போட்டுக் காட்டுங்கள். விரல்களை அசைக்கச் சொல்லும் வரியும் மேலே சொன்ன எச்சரிக்கைகளும் தமிழிலும் இருக்க வேண்டும். திருத்திய தாள் வரும்வரை, இப்போது கடைகளில் இருக்கும் பெட்டிகள் மீது ஒரு ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். இதே தாளைப் படித்துவிட்டு இன்றைக்கும் யாரோ விரலை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், படங்கள், பிசியோதெரபிஸ்ட்டின் குறிப்பு