ஐந்து கடல் மைலுக்குள் இழுவை மடி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தை பிறந்துவிட்டால் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறத் தொடங்கிவிடும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அப்போதிலிருந்து ‘மீனவர்கள்தான் கொன்றார்கள்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறார்கள். கோவளம் பக்கம் ஃபைபர் படகில் செவுள் வலை போட்டுப் பிழைக்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வலையிலும் ஆமை சிக்குவது உண்டு. உயிரோடு இருந்தால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவோம். ஆனால் கூட்டம் கூட்டமாகச் சாவது விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடியில்தான். ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு மணிக்கணக்கில் அடிமண்ணைத் தடவி மடியை இழுக்கிறபோது உள்ளே மாட்டிய ஆமை மூச்சு முட்டிச் செத்துப்போகிறது. ஒதுங்கியவற்றைப் பாருங்கள்: கண் பிதுங்கியிருக்கும், கழுத்து உப்பியிருக்கும், ஓட்டில் கீறல்கூட இருக்காது. எங்கள் கரையில் ஒன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்தபோது பக்கத்தில் நின்றேன். வயிறு நிறைய முட்டை. ஒரு ஆமை ஒரு தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும். அத்தனையும் மணலுக்கு வராமலே போயின.

கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் எங்களைப் போன்ற சிறு தொழிலாளிகளையும் காக்க வந்ததுதான். ஆனால் இறால் கிடைப்பது கரையோரச் சேற்றில். முட்டையிடக் காத்திருக்கும் ஆமைகள் சுற்றுவதும் அதே தண்ணீரில். அதனால் இருட்டியதும் விசைப்படகுகள் உள்ளே வந்துவிடுகின்றன. நாங்கள் போட்ட வலையையும் அறுத்துக்கொண்டு போகின்றன. அந்தப் படகுகளில் பங்குக்கு வேலை செய்யும் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். டீசல் செலவைக் காட்டிக் கிட்டத்திலேயே இழுக்கச் சொல்லும் முதலாளிகளைத்தான் கேட்க வேண்டும்.

மடிக்குள் சாய்வாகக் கம்பிச் சட்டம் பொருத்தினால் இறால் இடுக்கு வழியே பின்னால் போய்விடும்; ஆமை சட்டத்தில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கென்றே இதை வடிவமைத்துப் பல வருடமாகிறது. மீன் நழுவிப் போகும் என்று படகுக்காரர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கம்பிச் சட்டத்தை அரசே இலவசமாகக் கொடுத்து, முதல் பருவத்தில் வரும் நஷ்டத்துக்கு ஈடும் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் பொருத்தாத படகுக்கு மானிய டீசலை நிறுத்தட்டும்.

மாணவர்கள் 1988 முதல் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் தாய் ஆமையே கரை வந்து சேராவிட்டால் அவர்கள் எதைச் சேகரிப்பார்கள்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு ரோந்து நிற்காமல் நடக்க வேண்டும். விசைப்படகுகளில், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தி வருகிறார்கள். எந்தப் படகு எல்லைக்குள் வந்தது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். அப்படி வந்த படகுகளின் பதிவெண்களையும் எடுத்த நடவடிக்கையையும் மீன்வளத் துறை வாரம் ஒருமுறை வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலுக்குத் தங்கள் நாளிதழ் இடம் ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஃபைபர் படகு மீனவர்,
கோவளம், செங்கல்பட்டு மாவட்டம்.