கிணற்றை அளந்து அனுப்பு

அன்புள்ள எஸ்தருக்கு, அப்பா எழுதுவது.

ஸ்தோத்திரம். நீ ஊழியம் செய்யும் கம்போடியக் கிராமத்தில் வெள்ளம் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரிசி கொடுக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதினால் உன்னோடு இருக்கும் நாலு பேரும் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மாற்று. ஆராதனைக்கும் அரிசிக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாளும் ஒரு கிலோமீட்டரும் இருக்கட்டும். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்யக் கூடாது என்று கம்போடிய மத அமைச்சகம் 2007இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. பணமோ பொருளோ காட்டி மதம் மாற்றுவதையும் அந்த நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை. செஞ்சிலுவை இயக்கமும் பெரிய நிவாரண அமைப்புகளும் 1994இல் சேர்ந்து எழுதிய நடத்தை விதியும் இதைத்தான் சொல்கிறது. அதில் கையெழுத்துப் போட்ட கிறிஸ்தவ அமைப்புகள் நிறைய. விதியை விடு, ஊழியத்தை மட்டும் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான். சபை வாசலில் கொடுத்தால் அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்காகும், அரிசி நின்றதும் அது கலையும். அதுவரை உண்மையாக வந்துகொண்டிருந்த அந்தச் சில குடும்பங்களுக்கும் 'அரிசிக்கு வந்தவர்கள்' என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். மூட்டைக்குள் துண்டுப் பிரசுரம் வேண்டாம், பேனர் வேண்டாம், வாங்குகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு படம் வேண்டாம். ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல். கேட்காதவரிடம் சொல்ல இது சமயம் இல்லை.

பள்ளிக்கூடத்திலோ புத்த விகாரையிலோ வைத்துக் கொடு. கம்போடியாவின் கெமர் மக்கள் கிராமங்களில் பெரும்பாலும் மேடான இடம் விகாரைதான். வெள்ளம் வந்தால் ஆடு மாடு முதற்கொண்டு அங்கேதான் ஏறும். தலைமைப் பிக்குவையும் 'ஆசார்' என்கிற பெரியவரையும் முதலில் போய்ப் பார்த்துக் கைகூப்பிக் கேளுங்கள். (ஆசார், நம் ஆசாரியன்தான். ஊருக்கு 'பூம்' என்பதும் பூமியேதான்.) பெண்பிள்ளை நீ பிக்குவின் கையில் எதையும் நேராகக் கொடுக்காதே. தம்பிமார் யாரிடமாவது கொடுத்துக் கொடுக்கச் சொல். இப்போதுதான் பிச்சும் பென் முடிந்திருக்கும். இறந்தவர்களுக்குச் சோற்றுருண்டை படைக்கும் அந்தப் 15 நாளைத் தண்ணீர் கெடுத்திருந்தால், முன்னோருக்குப் படைக்க முடியாத துக்கம் வயதானவர்கள் மனதில் இருக்கும். அதைப் பற்றி உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் வர வேண்டாம்.

அடுத்தது உங்கள் போதகர். அவரும் விவசாயிதான், அவர் வீடும் முங்கியிருக்கிறது. அவரை நிவாரணக் கிடங்குக்குப் பொறுப்பாளராக ஆக்காதீர்கள். சாவி அவர் கையில் இருந்தால் அரிசி கிடைக்காதவன் அவரைத் திட்டுவான். அவர் சொந்தப் பணத்தில் தகரம் வாங்கிக் கூரை போட்டாலும் நிவாரணப் பணம் என்பார்கள். நீங்கள் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவீர்கள், அவர் அங்கேயே சாகும்வரை இருக்க வேண்டியவர். பட்டியல், சாவி, கணக்கு மூன்றும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கையெழுத்து.

பட்டியலை ஊர்த் தலைவர் தருவார். அவர்களுடைய சொல்லில் மே பூம். அரசின் ஏழைக் குடும்ப அட்டை யாரிடம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்கு, அங்கேயே நின்றுவிடாதே. அட்டைக்குக் கணக்கெடுத்த பிறகு ஏழையானவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். மகனும் மருமகளும் தாய்லாந்தில் கூலிக்குப் போயிருக்க, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியே கிடக்கும் பாட்டி, குடும்பப் பதிவேடு இல்லாமல் ஏரிப்பக்கமிருந்து வந்து குடிசை போட்டவர்கள், ஊர்க் கடைசியில் படகு போனால்தான் எட்டும் நாலு வீடு, இவர்கள்தான் விட்டுப்போவார்கள். இரண்டு பேர் நடந்தே போய் அடுப்பைப் பாருங்கள். அடுப்பு எரிந்ததா, எதை வைத்து எரிந்தது என்பது பொய் சொல்லாது. பட்டியலை ஊர் கூடி இருக்கும்போது சத்தமாக வாசித்துவிட்டு, முந்தின நாளே டோக்கன் கொடுத்துவிடு.

அளவு: ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி. ஐந்து பேருக்கு 15 நாளைக்கு 30 கிலோ. 50 கிலோ மூட்டை மலிவாக இருக்கும், ஆனால் சேற்றில் பாட்டியால் இழுக்க முடியாது. வழியில் தூக்கிக்கொடுக்கிறவன் கூலியாக ஐந்து கிலோ எடுத்துக்கொள்வான். சின்ன மூட்டையாகவே வாங்கு. கூடவே எண்ணெய், அயோடின் உப்பு, மீன் சாறு, டப்பா மீன். நூடுல்ஸ் பெட்டி பெட்டியாக வரும், அதற்குக் கொதிநீர் வேண்டும், விறகெல்லாம் நனைந்து கிடக்கிறது. பால் பவுடர் யார் இலவசமாகக் கொடுத்தாலும் கைக்குழந்தை வீட்டுக்குப் போகக் கூடாது. அழுக்குத் தண்ணீரில் கலக்கி ஊட்டினால் வயிற்றுப்போக்குதான். அதற்குள் தாய்க்குப் பாலும் வற்றிவிடும்.

முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன். நீ இருப்பது பட்டாம்பாங் மாகாணம். தாய்லாந்து எல்லைப் பக்கத்து மாவட்டங்களில் கண்ணிவெடி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது, வெள்ளம் அதை இடம் மாற்றும். சுத்தம் என்று அறிவித்த வயலுக்கும் மேட்டிலிருந்து அடித்து வரலாம். புதிதாகச் சேர்ந்த மணல் திட்டு, கரை இடிந்த இடம், தடமே இல்லாத வரப்பு எதிலும் இறங்காதே. ஊர்க்காரர் முன்னே நடந்தால்தான் நீ பின்னே நடக்க வேண்டும். கூடாரத்துக்கு முளை அடிக்கவும் கழிவறைக்குக் குழி தோண்டவும் இடத்தை அவர்களே காட்டட்டும். இரும்பாக எது கண்ணில் பட்டாலும் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, ஊர்த் தலைவர் மூலம் கண்ணிவெடி அகற்றும் துறைக்குச் சொல்லிவிடு.

மழை நின்றுவிட்டது, இனி வடிந்துவிடும் என்று நினைக்காதே. தென்மேற்கே கம்போடியாவின் ஏலமலை (கார்டமம்) பக்கம் பெய்த மழை சங்கே ஆற்றில் வந்து தொன்லே சாப் ஏரியில் சேர வேண்டும். கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவில் கிடக்கும் ஏரி இப்போது 10,000க்கு மேல் விரிந்து நிற்கும். மேகாங் ஆறு பெருகும் மாதங்களில் அந்த ஏரியின் ஆறே தலைகீழாக ஓடி ஏரியை நிரப்புகிறது என்பது உனக்குத் தெரியும். அது திரும்பும் வரை ஏரிப்பக்கத்துத் தாழ்ந்த ஊர்களில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். எந்த வேலைக்கும் தேதி குறிக்குமுன் ஏரி மட்டத்தை விசாரி.

இனி குடிதண்ணீர். வீட்டுக்கு வீடு 'பியங்' என்கிற பெரிய சிமென்ட் சால் இருக்குமே, வெள்ளம் உள்ளே புகுந்த சால் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, குளோரின் தண்ணீரில் அலசிய பிறகுதான் நிரப்ப வேண்டும். நிரப்பியதும் மூடி போட்டுவிடு, இல்லாவிட்டால் பத்து நாளில் டெங்குக் கொசு. கலங்கல் தெளிய அவர்கள் படிகாரத்தைச் சுற்றிவிடுவார்கள், 'சாச் சூ' என்பார்கள். நல்ல பழக்கம். ஆனால் தெளிந்த தண்ணீரைச் சுத்தமான தண்ணீர் என்று நம்பிவிடுகிறார்கள். படிகாரம் சேற்றை அடியில் உட்கார வைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது குளோரின் போட வேண்டும். 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் நேராகப் போட்டால் அந்தக் கலங்கலே குளோரினைத் தின்றுவிடும்.

மாத்திரை கொடுக்குமுன் வீட்டில் என்ன வாளி இருக்கிறது என்று பார். 10 லிட்டர் வாளியில் ஒன்றைப் போட்டால் வாடை தூக்கலாக இருக்கும், மறுநாள் முழு அட்டையும் குப்பைக்குப் போகும். 200 லிட்டர் சாலில் ஒன்றைப் போட்டால் போட்டும் வீண். மாத்திரையோடு 20 லிட்டர் குடம் ஒன்றும் கோடு போட்டுக் கொடுப்பது நல்லது. பொட்டலமாக வரும் பொடி வேறு வகை, படிகாரமும் குளோரினும் சேர்ந்த மாதிரி. அது 10 லிட்டருக்கு: 5 நிமிடம் விடாமல் கலக்கு, 5 நிமிடம் தெளியவிடு, பருத்தித் துணியில் வடி, 20 நிமிடம் பொறு. அடியில் தங்குவதைக் கழிவறையில் கொட்டு, கோழி கொத்தும் இடத்தில் வேண்டாம்.

மணல் வடிகட்டி இருக்கும் வீடுகளில், தொட்டி முங்கியிருந்தால் மணலை எடுத்துக் கழுவித் திரும்பப் போட்டால்தான் ஆகும். மணலுக்கு மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். கிருமியைத் தின்னும் படலம் மறுபடி உருவாக ஒரு மாதம் வரை ஆகலாம், அதுவரை வடிகட்டியதிலும் குளோரின் போடட்டும். மண்பானை வடிகட்டிக்கு சோப்பு கூடாது, மெதுவான பிரஷ் போதும். கீறல் விழுந்தால் பானையையே மாற்ற வேண்டும்.

கிணறு. இதில்தான் அவசரப்படுவார்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது கிணற்றைச் சுத்தம் செய்தால் மறுவாரம் பழையபடி ஆகிவிடும். மண் ஊறிப்போய் இருக்கும்போது மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்தால் வெளியே இருக்கும் பாரம் உறைகளை உள்ளே தள்ளி உடைத்துவிடும். சுற்றுநீர் வடியட்டும். பிறகு மெதுவாக இறைத்து, சேற்றை வாரி, உறைகளைத் தேய்க்க வேண்டும். பெட்ரோல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் உள்ளே இருப்பவன் சத்தமில்லாமல் மயங்கிப் போய்விடுவான், தூக்கப் போகிறவனும் அவனோடு போவான்.

ஊறி நின்ற தண்ணீருக்குக் கணக்கு இது. 70 சதவீதக் குளோரின் தூள் 50 கிராமை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடு. கிணற்றில் ஒவ்வொரு 1,000 லிட்டருக்கும் அந்தத் தெளிவில் 10 லிட்டர் ஊற்று. ஒரு மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் 3 மீட்டர் ஆழம் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,360 லிட்டர், அதற்கு 24 லிட்டர் கரைசல். கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடர் 33 சதவீதம்தான், அதனால் 50 கிராமுக்குப் பதில் 106. அதுவும் புதிய பாக்கெட்டாக இருந்தால். வெயிலில் பிரித்து வைத்த மூட்டை கட்டிதட்டியிருந்தால் வாங்காதே, சத்தெல்லாம் போயிருக்கும். ஊற்றிக் கலக்கி ஒரு ராத்திரி மூடிவை. காலையில் இறைத்துவிட்டுச் சோதனைப் பெட்டியில் பார்த்து, லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் குளோரின் இருந்தால் இன்னும் இறைக்க வேண்டும். இறைக்கும் தண்ணீர் மீன்குட்டைக்குப் போய்விடாமல் வாய்க்காலைத் திருப்பு.

யாராவது ஆழ்துளைக் கிணறு போட்டுத்தரப் பணம் அனுப்புகிறேன் என்றால் உடனே சரி சொல்லாதே. பிரே வெங், காண்டால் போன்ற மேகாங் கரை மாகாணங்களில் ஆர்சனிக் என்கிற நஞ்சு ஏறிய கிணறுகள் ஏராளம். கொதிக்க வைத்தாலும் ஆர்சனிக் போகாது, வற்றும் அளவுக்குக் கூடத்தான் செய்யும். எந்த மாகாணமானாலும் சோதித்த பிறகே ஊருக்குத் திற.

வயிற்றுப்போக்குக்கு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டக் கரண்டி சர்க்கரை, அரை மட்டக் கரண்டி உப்பு, தேக்கரண்டிதான். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஜிங்க் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே சுகாதார நிலையத்துக்கு அனுப்பு.

கடைசியில் நெல். இரண்டு வாரம் முங்கிய பயிர் பெரும்பாலும் போனதுதான். வடியும் ஈரத்தில் குறுகிய கால நெல் போட நவம்பர், டிசம்பரில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐஆர் 66 அல்லது சென் க்ரா ஓப், இரண்டும் 110 நாள் அளவில் வரும். கடைசி மாதத்துக்குப் பாய்ச்ச வாய்க்காலோ குட்டையோ இருக்கிறவருக்கு மட்டும் விதை கொடு, மற்றவருக்குக் காய்கறி விதை. மில்லில் வாங்கிய நெல்லை விதை என்று யாரும் தள்ளிவிடாதபடி, ஒவ்வொரு மூட்டையிலும் 100 மணி எடுத்து ஈரத்துணியில் சுற்றி வை. ஒரு வாரத்தில் 80க்குக் கீழே முளைத்தால் திருப்பி அனுப்பு. விதை டிசம்பர் கடைசியில் வந்து சேர்ந்தால் பசித்த வீட்டில் அது சோறாகிவிடும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆகவே அரிசிக்கு ஓடும் இந்த வாரத்திலேயே விதைக்கும் சொல்லிவை.

பல வீட்டில் நிலப்பட்டா கடன் கொடுத்தவர்களிடம் அடமானத்தில் இருக்கும். தவணை தேதிக்கு முன்னாலேயே போய்த் தள்ளிவைக்கக் கேட்டால் சில சமயம் கேட்பார்கள், தவறிய பிறகு கேட்டால் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கூடப் போய் உட்கார்ந்திருப்பது ஊழியம்தான். சபைப் பணத்தில் யார் கடனையும் அடைக்காதே, அடுத்த நாள் வாசலில் முப்பது பேர் நிற்பார்கள்.

உன் ரப்பர் பூட்ஸ் ஓட்டையாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம், எனக்குச் சொல்லவில்லை. நாளைக்கே புதிது வாங்கு. அப்புறம், ஊரில் எத்தனை கிணறு, ஒவ்வொன்றின் விட்டம், தண்ணீர் நிற்கும் ஆழம், கிடைக்கும் தூளின் சதவீதம், இந்த நாலையும் அளந்து எழுதி அனுப்பு. எதற்கு எத்தனை லிட்டர் என்று போட்டு அனுப்புகிறேன்.

அப்பா